யாரும் கேட்காமல் திறந்த பை

அம்மா,

போன சனிக்கிழமை உன் பேத்தி அபாவுக்கு முடி பின்ன, இங்கே துபாயில் சத்வாவுக்குப் போயிருந்தேன். தையல்கடைகள் இருக்கிற தெருவுக்குப் பின்னால் கேமரூன்காரப் பெண் ஒருத்தி சின்னதாக ஒரு சலூன் நடத்துகிறாள். நீ கண்ணை மூடியபோது அபாவுக்கு ஐந்து வயது. இப்போது ஏழு. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு முடியை நேராக்கும் கிரீம் தடவ டப்பாவைத் திறந்தார்கள். மேலே மல்லிகை மாதிரி ஒரு சென்ட், அதற்கு அடியில் சுண்ணாம்பும் அழுகிய முட்டையும் கலந்த நெடி.  எழுந்து வெளியே போய், வெயிலில், பக்கத்துக் கடையின் ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில் நின்றேன்.

குவைத்தில் நம் ஃபஹாஹீல் வீட்டுக் குளியலறை அப்படியே கண்முன் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் கிளினிக்கிலிருந்து வந்ததும் நீ நர்ஸ் உடுப்பைக்கூட மாற்ற மாட்டாய். கையுறையை மாட்டிக்கொண்டு, என்னை முக்காலியில் உட்கார வைத்து, தலைமுழுவதும் அந்தக் கிரீமைத் தடவுவாய். நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருக்கும் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பாய்.

"எரியுதும்மா."

"எரியட்டும் மக்ளே. எரிஞ்சாத்தான் படியும்."

எனக்கு அப்போது ஆறு வயது. பத்தொன்பது வயதுவரை ஆறு வாரத்துக்கு ஒருமுறை அது நடந்தது. சில தடவை காதோரம் பொருக்குத் தட்டும். அதன்மேல் தேங்காய் எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, இரட்டைச் சடை போட்டு, வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு என்னைக் கூட்டிப் போவாய். யாராவது ஒரு ஆன்ட்டி என் சடையைத் தொட்டுப் பார்த்து, "அம்மா முடி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கெல்லாம் உன் முகம் தெளிந்திருக்கும்.

உன்மேல் எனக்கிருக்கும் கோபம் அந்த முக்காலியிலிருந்து தொடங்குகிறது. நீ போய் இரண்டு வருடமாகியும் அது குறையவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த மொழியை என் வாயில் திணித்தது நீதான். மற்ற பிள்ளைகளெல்லாம் ஆங்கிலத்தில் விளையாடிக்கொண்டிருக்க, தினமும் ஒரு பக்கம் கையெழுத்து, ஒரு பக்கம் வாசிப்பு. லகரத்தையும் ழகரத்தையும் மாற்றிச் சொன்னால் தொடையில் கிள்ளுவாய். "நீ பேசுகத கேட்டு ஒருத்தனும் ஒன்னய வேத்தாளுன்னு சொல்லப்பிடாது" என்பாய். ஆசையினால் சொல்லித்தருகிறாய் என்று நினைத்திருந்தேன். நீ எனக்கு ஓர் அடையாள அட்டை செய்துகொண்டிருந்தாய் என்று பிறகுதான் புரிந்தது.

நிறத்தைப் பற்றி உனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலுக்கு மேற்கே உன் ஊரில் உன்னைப் பெண் பார்க்க ஐந்து பேர் வந்தார்கள். நாலு பேர் "நிறம் கொஞ்சம் கம்மி" என்று சொல்லியனுப்பினார்கள். ஐந்தாவது ஆளின் அம்மா, காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, சித்தியைத் தரமுடியுமா என்று கேட்டாள். அந்த வருடமே நீ குவைத்துக்கு விமானம் ஏறினாய். இதைச் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

அங்கே ஜெபக் கூட்டத்தில் அப்பாவைப் பார்த்தாய். கானா நாட்டில் டக்கோராடி என்ற துறைமுக ஊர்க்காரர். எண்ணெய்க் கம்பெனி ஒப்பந்தத்தில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். உங்கள் கல்யாணப் போட்டோவில் இரண்டு பேரும் கைகோத்து நிற்கிறீர்கள். வளையலை மறைத்துவிட்டால் எது யார் கை என்று சொல்ல முடியாது. அத்தனை ஒரே நிறம். ஆனாலும் மாமா அதற்குப் பிறகு உன்னோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து ஒரு பிள்ளை "காப்பிரி" என்றபோது, அது அரபுச் சொல்லாக இருக்கும் என்று நினைத்து உன்னிடம் அர்த்தம் கேட்டேன். நீ சோறு பிசைவதை நிறுத்திவிட்டு, "யாருட்டி சொன்னா" என்றாய். சொன்னேன். அந்தப் பிள்ளை திருநெல்வேலிக்காரி. ஆப்பிரிக்கரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல் நம்முடையது.

"யாராச்சும் கேட்டா நாகர்கோவில்னு சொல்லு. அதோட நிறுத்திக்கிடு." நீ என்னைத் தயார் செய்தது அவ்வளவுதான்.

அப்பா என்னை வேறு மாதிரி தயார் செய்தார். கடற்கரையில் நடக்கும்போது சொல்வார். அவருக்குத் தமிழில் 'வா மக்ளே', 'போதும்', 'சோறு' மூன்றும்தான் தெரியும், மற்றதெல்லாம் ஆங்கிலம். கடையில் வாங்கினால் பில் கையில் இருக்க வேண்டும். கடைக்குள் ஓடக்கூடாது. சட்டைப்பைக்குள் கை விடக்கூடாது. யாராவது நிறுத்திக் கேட்டால் முழுப்பெயரைச் சொல்ல வேண்டும், குரலை உயர்த்தக்கூடாது, அழக்கூடாது. "நீ தப்புச் செய்ததால் இல்லை, எசி. அவர்கள் தப்புச் செய்யும்போது உனக்கு அடிபடாமல் இருக்க." எசி என்பது ஞாயிற்றுக்கிழமை பிறந்த பெண்ணுக்கு அவர் ஊரில் வைக்கும் பெயர். வீட்டுக்கு வெளியே நீ அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதே இல்லை. தமிழர்கள் இருக்கும் இடத்தில் நான் ஸ்டெல்லா மட்டும்தான்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன், "நாம எல்லாரும் ஒண்ணுதானே? கறுப்பர்?" அவர் சிரித்தார். டக்கோராடியில் இருந்தவரை தன்னை யாரும் கறுப்பன் என்று சொன்னதில்லை என்றார். அங்கே எந்த ஊர், எந்தக் குடும்பம், எந்தச் சபை என்று கேட்பார்கள். நைஜீரியாக்காரனோடு யார் ஊர்த் தக்காளிச்சோறு நல்லது என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். குவைத்தில் இறங்கிய அன்றைக்கு அத்தனை பேரும் ஒரே ஆளாகிவிட்டார்கள். அப்படி ஆன பிறகும் ஒருவரையொருவர் விலக்கிக்கொண்டார்கள். நம் கீழ்வீட்டு சூடான்காரர் அப்பாவைவிடக் கறுப்பு. நல்ல மனிதர், பெருநாளுக்குத் தட்டு நிறைய இனிப்பு அனுப்புவார். ஆனால் லிஃப்ட்டில் யாராவது இரண்டு பேரையும் சேர்த்துப் பேசினால் உடனே, "நாங்கள் அரபிகள்" என்று மெதுவாகத் திருத்துவார். என் பள்ளியில் அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பு டீச்சர் ஒருத்தி இருந்தாள். வாசல் காவலாளி அவளைத் தடுப்பான், அவள் பேசத் தொடங்கியதும் வழிவிட்டுச் சலாம் வைப்பான். இதை அப்பாவிடம் சொன்னேன். "அவள் வாயைத் திறந்தால் பாஸ்போர்ட் தெரியும். நான் திறந்தால் தெரியாது" என்றார்.

நீ இந்தப் பேச்சு வந்தாலே ஆங்கிலத்தில் இடைமறிப்பாய். "பிள்ளைய பயமுறுத்தாதீங்க. அவ ஒங்கள மாதிரி இல்ல. அவ தமிழ்ப் பிள்ள."  தமிழர்கள் கூடும் எந்த விழாவுக்கும் அப்பா வந்ததில்லை. "அவருக்கு டூட்டி" என்று நீ வாசலிலேயே சொல்லிவிடுவாய். அன்றைக்கெல்லாம் அவர் வீட்டில்தான் இருப்பார், துணி மடித்துக்கொண்டு. டூட்டி என்றால் வீட்டில் செய்யும் வேலை என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஜெயா ஆன்ட்டி வீட்டில் நடந்ததைப் பற்றி அன்றைக்குப் பிறகு நாம் இருவரும் உன் கடைசி மாதம்வரை பேசவில்லை. பேசாமல் இருபத்திரண்டு வருடம். எனக்கு அப்போது பதினோரு வயது. ஆன்ட்டியின் மகள் ப்ரீத்தி என் வகுப்புத் தோழி, அவள் பிறந்தநாள். ஹால் நிறையத் தமிழ்க் குடும்பங்கள். நான் ஒரு பாட்டுப் பாடினேன், எல்லோரும் கைதட்டினார்கள். "எவ்வளவு சுத்தமா தமிழ் பேசுகா" என்று ஒரு அங்கிள் சொன்னார். நீ அவருக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்தாய்.

கேக் வெட்டி முடிந்ததும் ஜெயா ஆன்ட்டி கழுத்தைத் தடவினாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டப் போகும்போது சங்கிலியைக் கழற்றி வைத்தாளாம். எங்கே வைத்தாள் என்று ஞாபகமில்லை. பெண்கள் சோபா மெத்தையைத் தூக்கிப் பார்த்தார்கள், மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள்.

"இங்கதான் எங்கயாவது கெடக்கும்" என்றாள் ஆன்ட்டி.

"பெட்ரூமுக்குள்ள யாரு போனா?" என்று யாரோ கேட்டார்கள்.

ப்ரீத்தி சாதாரணமாகச் சொன்னாள், "நானும் ஸ்டெல்லாவும்."

அவ்வளவுதான். யாரும் என்னைப் பார்க்கவில்லை, அம்மா. எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. எல்லோரும் கவனமாக வேறு எங்கோ பார்த்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.  நீ கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாய். நேராக என்னிடம் வந்தாய். என் தோளில் தொங்கிய பையைக் கழற்றினாய். விரித்திருந்த பாயில், எல்லோரும் பார்க்க, அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாய்.

சீப்பு விழுந்தது. கைக்குட்டை, பாதி தின்ற சாக்லேட், ப்ரீத்தி கொடுத்த பிளாஸ்டிக் வளையல், சுருட்டி வைத்திருந்த பழைய கடை பில்கள். அப்பா சொன்னபடி ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்திருந்தேன். பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி உதறினாய். பிறகு என்னைத் திருப்பி நிறுத்தி, கவுனின் இரண்டு பக்கப் பைகளையும் தட்டிப் பார்த்தாய். நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு, "பாத்துக்கிடுங்க. எம்பிள்ளைட்ட ஒண்ணும் இல்ல" என்றாய்.

"ஐயோ சிஸ்டர், நாங்க யாரும் ஒண்ணும் சொல்லலியே" என்றாள் ஜெயா ஆன்ட்டி. உண்மை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறையில் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பைதான் திறந்தது.

பத்து நிமிடத்தில் சங்கிலி வாஷிங் மெஷினுக்குள், குழந்தையின் துண்டோடு சுருண்டு கிடந்தது. எல்லோரும் சிரித்தார்கள். யாரோ என் கையில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தார்கள். நான் பாயில் உட்கார்ந்து பில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நீ இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்தாய், அம்மா. மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று சில நாள் தோன்றும். அந்த இரண்டாவது தேநீரிடம் வரும்போது நின்றுவிடுவேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன், "எதுக்கும்மா?"

"வேற ஒருத்தி ஒம்மேல கை வைக்கதுக்கு முந்தி நான் வச்சேன். அவ்வளவுதான். வா."

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கட்டிலில் வைத்தார். கத்தவில்லை. "சந்தேகப்பட்டவர்கள் வாயைத் திறந்து கேட்கட்டும் என்று நீ விட்டிருக்க வேண்டும்" என்றார். "கேட்டிருந்தால் வெட்கம் அவர்களுடையதாக இருந்திருக்கும். இப்போது அதை இவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்."

ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நீ கதவை மறித்து நின்றாய்.

"நீங்க அங்க போனா நாளைக்கு எனக்கு அவங்க வீட்டுல முகமில்ல. எங்கண்ணன் ஏற்கனவே பேசுகதில்ல. ஊருல ஒருத்தியும் பேசுகதில்ல. இந்த ஊருல நான் தமிழ் பேச வேற யாரு இருக்கா? சொல்லுங்க."

இதை நீ தமிழிலேயே சொன்னாய். அவருக்கு ஒரு வார்த்தையும் விளங்கியிருக்காது. உன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடும்வரை ஷூவைக் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் உன்னோடு தமிழ் பேசவில்லை. நீ தமிழில் கேட்பாய், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். உன்னை எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.  கையெழுத்துப் புத்தகத்தை மட்டும் தினமும் மேஜையில் எடுத்து வைத்தாய்.

நீ செய்துகொடுத்த அடையாள அட்டை எவ்வளவு செல்லுபடியாகும் என்பதைப் பார்க்க நான் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. பிசியோதெரபி படிக்கச் சேர்ந்த முதல் வாரம், பஸ்ஸில் கண்டக்டரிடம், "அண்ணாச்சி, ஒரு டிக்கெட் தாங்க" என்றேன். பின்னால் நின்ற பையன் தன் நண்பனைத் தட்டி, "மச்சி, இது தமிழ் பேசுதுடா" என்றான். பேசுகிறாள் என்றுகூட இல்லை. பேசுது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர், எந்த நாடும்மா என்று அன்பாகக் கேட்டார். நாகர்கோவில் என்றேன். அவர் சிரித்தார், நான் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்து. அந்த மாதம் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டேன். உனக்குப் போட்டோ அனுப்பினேன். மூன்று வாரம் நீ போன் செய்யவில்லை.

அப்பா இறந்து டக்கோராடியில் அடக்கம் செய்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும் போனேன். அங்கே நான் இந்தியாக்காரி. அத்தைகள் அன்பாகத்தான் இருந்தார்கள். ஒருத்தி என் தலையைத் தடவி, "உன் அம்மா முடி இருந்திருக்குமே, ஏன் வெட்டினாய்" என்று வருத்தப்பட்டாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெருங்கிய சொந்தம் முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் நகரத் தயங்கினேன். யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள்.

உன் கடைசி மாதம் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நான்தான் உன்னோடு இருந்தேன். ஒரு நாள் காலை, உன் தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "ஜெயா ஆன்ட்டி வீட்டுல என் பைய எதுக்கும்மா நீயே திறந்த?"

நீ ஞாபகமில்லாததுபோல நடிக்கவில்லை.  நான் பிறப்பதற்கு முந்தின வருடம் நடந்ததைச் சொன்னாய். ஃபஹாஹீல் மீன்கடை வாசல். நீயும் அப்பாவும் வந்துகொண்டிருக்கிறீர்கள். அப்பா இரண்டு எட்டு முன்னால். மார்க்கெட் காவலாளிகள் இரண்டு பேர் அவரை நிறுத்திச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கையைத் தூக்கச் சொல்லிச் சோதித்தார்கள். அக்கம்பக்கத்தில் ஏதோ திருட்டாம். ஒருவன் உன்னைப் பார்த்து, இந்த ஆளைத் தெரியுமா என்று ஹிந்தியில் கேட்டான்.

"நான் நஹீன்னுட்டேன், மக்ளே. தெரியாதுன்னு."

நான் வாருவதை நிறுத்திவிட்டேன்.

"நஹீன்னுட்டு நடந்து போயிட்டேன். கடல்கர வரைக்கும் போயி நின்னேன். கொஞ்சம் கழிச்சி அவரு வந்தாரு. சட்டைய உள்ள விட்டுக்கிட்டே வந்தாரு. மீன் வாங்குனியான்னு மட்டும் கேட்டாரு. அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் அதப்பத்தி ஒரு வார்த்த கேக்கல."

"எம்மா."

"அவர அன்னைக்கி விட்டுட்டுப் போனேன். ஜெயா வீட்டுல ஒன்னய எல்லாரும் பாக்காம பாத்தாவல்லா, அப்ப எங்காலு வாசலப் பாத்துத்தான் திரும்புச்சு. இன்னொருக்க போயிருவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் ஒங்கிட்ட வந்தேன். வந்தபொறவு என்ன செய்யன்னு தெரியல. பையத் திறந்தேன்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நீ எதற்காகக் காத்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். ஒரு சின்ன வார்த்தை. போகட்டும்மா என்றோ, பரவாயில்ல என்றோ. என் வாய்வரை அது வந்துவிட்டது. பாயில் கிடந்த பில்கள் ஞாபகம் வந்தன. ஷூவோடு உட்கார்ந்திருந்த அப்பா ஞாபகம் வந்தார். "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். நீ வேண்டாம் என்று தலையசைத்தாய். ஒன்பதாம் நாள் போய்விட்டாய்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும் என்று சில நாள் கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு நாள், அதைச் சொல்லாமல் இருந்ததுதான் சரி என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறேன்.

போன மாதம் அபாவின் பள்ளியில் உலக நாடுகள் தினம். அவளே பட்டுப்பாவாடையைத் தேர்ந்தெடுத்தாள். அவள் அப்பா கென்யாவில் மொம்பாசாக்காரர், உனக்குத் தெரியும். நான் கறுப்பன் என்பதைத் துபாய் விமான நிலையத்தில்தான் தெரிந்துகொண்டேன் என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்வார். அபா இந்தியா வரிசையில் போய் நின்றாள். டீச்சர் வந்து, கோபமில்லாமல், தோளைப் பிடித்து மெதுவாக ஆப்பிரிக்கா வரிசைக்கு நகர்த்தினாள். பாவாடை வழி தவறி வந்தது என்று நினைத்திருப்பாள். நான் பெற்றோர் நாற்காலியில் இருந்தேன். என் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் கைதட்டிக்கொண்டிருந்தாள். நானும் தட்டினேன்.

காரில் ஏறியதும் அபா சொன்னாள், "நான் ரெண்டும்னு சொன்னேன்மா. டுடே ஒண்ணு மட்டும் சூஸ் பண்ணுன்னு மிஸ் சொன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. லைன் மூவ் ஆயிடுச்சு."

வண்டியை எடுக்கவில்லை. பார்க்கிங்கிலேயே, ஏசியைப் போட்டுவிட்டு, அப்பா எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். பில். கை. ஓடாதே. முழுப்பெயர். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடையில். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"மீராவும் பில் வச்சுக்கணுமா?" மீரா அவள் தோழி. மதுரைப் பக்கத்துப் பிள்ளை.

"வேண்டாம்."

"ஒய்? மீராவும் என் கலர்தானே."

உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அம்மா. எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். சில பேர் முடியைப் பார்ப்பார்கள், மூக்கைப் பார்ப்பார்கள், உன்னைப் பார்க்கமாட்டார்கள் என்று. அது நியாயமில்லை, உன் தப்பும் இல்லை என்று. யாராவது உன் பையைக் காட்டு என்றால் அம்மாவைக் கூப்பிடு என்று சொல், நான் வரும்வரை திறக்காதே, நான் வந்தாலும் உன்னைக் கேட்காமல் திறக்கமாட்டேன் என்றேன். கடைசி வாக்கியம் அவளுக்குப் புரியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தப்பான நேரத்தில் சொல்லிவிட்டேனோ என்னவோ. இதற்குச் சரியான நேரம் எது என்று நீயும் அப்பாவும் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் கராமாவில் தமிழர் மளிகைக்கடை ஒன்றில் நிறுத்தினேன். நாங்கள் நுழைந்ததும் கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அபா என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். எனக்குத் தெரியாமலே என் குரல் உயர்ந்தது. கடையின் அந்தக் கோடிவரைக்கும் கேட்கும்படி, நல்ல நாகர்கோவில் தமிழில், "மக்ளே, அந்தச் சம்பா அரிசிய எடுத்துப் பாரு, நல்லா இருக்கான்னு" என்றேன்.

கல்லாக்காரர் முகம் மலர்ந்தது. "அக்காவுக்கு நாகர்கோவிலா? நமக்குக் கருங்கல் பக்கம்" என்றார். நானும் சிரித்தேன். எந்தத் தெரு, எந்தச் சபை என்று பேசினோம். அபாவுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அபா கேட்டாள், "ஏம்மா கத்துனீங்க? நான் பக்கத்துலதானே நின்னேன்."

குவைத்தில் நீ எந்தத் தமிழ்க் கடைக்குள் நுழைந்தாலும் அப்படித்தான் பேசுவாய். எனக்கு வெட்கமாக இருக்கும், நான் பக்கத்திலேயே நிற்பேன். கிரீமை விட்டேன், பையை விட்டேன். இந்தக் குரலை விட முடியவில்லை. என் தொண்டைக்குள் அது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அபாவுக்கு மிட்டாயைப் பிரித்துக் கொடுத்தேன்.

ஸ்டெல்லா எசி